ஐ.பி. கேமராவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள...

ஐ.பி. கேமரா ஒன்றை வாங்கி வந்துவிட்டீர்கள். அடாப்டரைச் செருகி, கேபிளையும் மாட்டியாயிற்று. கேமராவில் சின்ன விளக்குகூட எரிகிறது. ஆனால் கையேட்டில் சொன்னபடி பிரவுசரைத் திறந்து 192.168.1.64 என்று டைப் செய்து எண்டர் தட்டினால், பக்கத்தை அடைய முடியவில்லை என்ற செய்திதான் கிடைக்கிறது. கேமரா பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரர் தன் மேஜையில் மாட்டிக் காட்டுவார்; படம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குக் கொண்டு வந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

பெரும்பாலும் கேமராவிலும் பழுது இருக்காது, கம்ப்யூட்டரிலும் பழுது இருக்காது. இரண்டும் வெவ்வேறு தெருவில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தெருவுக்குக் கொண்டு வருவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் போதும்.

வெப் கேமராவும் ஐ.பி. கேமராவும்

கம்ப்யூட்டரின் தலையில் உட்காரும் வெப் கேமரா, யு.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரையே நம்பி இருப்பது. ஐ.பி. கேமரா அப்படி அல்ல. அதற்குள் ஒரு பிராசசர், மெமரி, ஒரு சிறிய வெப் சர்வர் எல்லாம் இருக்கின்றன. அதாவது, லென்ஸ் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அது. ஸ்வீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் 1996-ல் இந்த வகையில் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும் அல்லவா? அதுபோலவே இந்தக் கேமராவுக்கும் ஒரு ஐ.பி. முகவரி வேண்டும். பெயரிலேயே ஐ.பி. இருப்பது இதனால்தான்.

தெருவும் கதவு எண்ணும்

192.168.1.64 என்ற முகவரியைப் பாருங்கள். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இதில் எது தெருவின் பெயர், எது கதவு எண் என்று சொல்வதுதான் சப்நெட் மாஸ்க். வீட்டு நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் இது 255.255.255.0 என்று இருக்கும். முதல் மூன்று எண்களும் சேர்ந்து தெரு, கடைசி எண் கதவு எண் என்பது இதன் பொருள்.

எனவே 192.168.1.64 என்பது "192.168.1" என்ற தெருவில் 64-ம் எண் வீடு. ஒரு தெருவில் 1 முதல் 254 வரை வீடுகள் இருக்கலாம். 0 தெருவையே குறிக்கும்; 255 தெருவில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கானது. இந்த இரண்டையும் எந்தச் சாதனத்துக்கும் கொடுக்கக் கூடாது.

ஒரே தெருவில் இருக்கும் இருவர் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். வேறு தெருவுக்குப் போக வேண்டுமானால் தெருமுனையைத் தாண்ட வேண்டும். அந்தத் தெருமுனைதான் டிஃபால்ட் கேட்வே. வீட்டில் உங்கள் ரவுட்டர் அந்த வேலையைச் செய்கிறது.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். ஜியோ ஃபைபர் ரவுட்டர்களின் முகவரி வழக்கமாக 192.168.29.1. அப்படியானால் உங்கள் கம்ப்யூட்டர் "192.168.29" என்ற தெருவில் இருக்கிறது. ஹிக்விஷன் கேமராக்கள் 192.168.1.64 என்ற முகவரியோடும், டாகுவா கேமராக்கள் 192.168.1.108 என்ற முகவரியோடும் தொழிற்சாலையிலிருந்து வருவது வழக்கம். அவை "192.168.1" தெருவில் நிற்கின்றன. கம்ப்யூட்டர் கூப்பிடுவது கேமராவின் காதில் விழவே விழாது.

ஆளைக் கூப்பிட்டால் ஆகாதா?

"இதையெல்லாம் நான் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? ஆள் வந்து செட் செய்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். கும்பகோணத்தில் பெரியம்மாவோடு இருக்கும் என் பெரியப்பாவும் இப்படித்தான் சொன்னார். ஆள் வந்தார், அரை மணி நேரத்தில் படம் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பெரியப்பா போனை மாற்றினார். புதிய போனில் கேமராவின் பாஸ்வேர்டைக் கேட்டது. பாஸ்வேர்டு அவரிடம் இல்லை. பொருத்தியவரின் நம்பரும் உபயோகத்தில் இல்லை. "தம்பி, என் வீட்டு வாசலை நான் பார்க்க முடியலை. வேற யாரெல்லாம் பார்க்கிறாங்கன்னும் தெரியலை" என்று போனில் சொன்னார்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பூட்டு வாங்கினால் சாவியை நாம் வைத்துக்கொள்கிறோம். கேமராவின் செட்டிங் பக்கமும் ஒரு பூட்டுதான். அதை முதலில் திறப்பவர் வைக்கும் பாஸ்வேர்டுதான் சாவி. பெரியப்பாவின் கேமராவை ரீசெட் செய்யச் சொல்லி, நான் சென்னையிலிருந்தே போனில் சொல்லச் சொல்ல, அவரே தன் கையால் எல்லாவற்றையும் அமைத்தார். அவருக்கு வயது 68. அவர் செய்த அதே படிகளைத்தான் கீழே தருகிறேன்.

படி 1: உங்கள் தெரு எது?

முதலில் கம்ப்யூட்டர் வழக்கம்போல இன்டர்நெட்டில் இணைந்திருக்கட்டும். கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்தியபடி "ஆர்" எழுத்துள்ள கீயைத் தட்டவும். ரன் பெட்டி கிடைக்கும். அதில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து எண்டர் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். பயப்பட வேண்டாம், இது கமாண்ட் பிராம்ப்ட். அதில் "ஐபிகான்ஃபிக்" என்ற கட்டளையை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் டைப் செய்து எண்டர் தட்டவும். ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே என்ற மூன்று வரிகளைத் தேடித் தாளில் குறித்துக்கொள்ளவும். நம் உதாரணத்தில் கேட்வே 192.168.29.1 என்று வைத்துக்கொள்வோம்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எந்த முகவரியும் தராததால் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டர் இணைப்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பார்க்கவும்.

படி 2: கேமராவின் தெரு எது?

கேமராவின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ, உடன் வந்த கையேட்டிலோ அதன் முகவரி இருக்கும். இல்லையென்றால், அந்த நிறுவனம் இலவசமாகத் தரும் தேடும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஹிக்விஷனுக்கு எஸ்.ஏ.டி.பி., டாகுவாவுக்கு கான்ஃபிக்டூல். தெரு வேறாக இருந்தாலும், ஒரே கேபிள் இணைப்பில் இருக்கும் கேமராவை இவை கண்டுபிடித்துவிடும்.

சில கேமராக்கள் குறிப்பிட்ட முகவரி இல்லாமல் வரும். ரவுட்டரில் மாட்டியதும் அதனிடமே ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளும். இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். உங்களுடையது அந்த வகை என்றால், ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்தாலே முகவரி தெரிந்துவிடும். அப்போது படி 3, 4 இரண்டையும் விட்டுவிட்டு, படி 5-ல் அந்த முகவரியைப் பயன்படுத்தவும்.

படி 3: நேரடி இணைப்பு

ஒரு லேன் கேபிளின் ஒரு முனையைக் கேமராவிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் மாட்டவும். முன்பெல்லாம் இதற்குக் கிராஸ் ஓவர் கேபிள் என்று தனியாக ஒன்று வேண்டியிருந்தது. இப்போதைய சாதனங்களுக்குச் சாதாரணக் கேபிளே போதும். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால், யு.எஸ்.பி.-யில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

கேமராவுக்கு மின்சாரம் வேண்டுமல்லவா? உடன் வந்த அடாப்டரையே செருகவும். அடாப்டர் வராத பி.ஓ.இ. வகைக் கேமரா என்றால், லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் பி.ஓ.இ. இன்ஜெக்டர் தேவை.

அடுத்து, கம்ப்யூட்டரின் வைஃபையை ஆஃப் செய்துவிடவும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு வைஃபையும் தற்செயலாக "192.168.1" தெருவாகவே இருந்தால், கேமராவைத் தேடும் அழைப்பு கேபிளில் போகாமல் வைஃபை பக்கம் போய்விடலாம்.

படி 4: கம்ப்யூட்டரை அந்தத் தெருவுக்குக் குடிமாற்றுதல்

மீண்டும் விண்டோஸ் கீயுடன் "ஆர்" கீயைத் தட்டி ரன் பெட்டியைக் கொண்டு வரவும். அதில் என், சி, பி, ஏ என்ற நான்கு எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்ற மூன்று எழுத்துகள் என இடைவெளி இல்லாமல் டைப் செய்து எண்டர் தட்டவும். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் விண்டோ திறக்கும். விண்டோஸ் 7, 10, 11 எல்லாவற்றிலும் இந்த வழி ஒன்றுதான்.

ஈதர்நெட் என்ற ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 7-ல் இது லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் என்று இருக்கும். கிடைக்கும் பட்டியலில் "இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4" என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள ப்ராப்பர்ட்டீஸ் பட்டனில் கிளிக் செய்யவும். இப்போது வரும் பெட்டியில் "யூஸ் த ஃபாலோயிங் ஐ.பி. அட்ரஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பின்வருமாறு நிரப்பவும்.

ஐ.பி. அட்ரஸ்: 192.168.1.50
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
டிஃபால்ட் கேட்வே: காலியாக விடவும்

50-க்குப் பதில் வேறு எண்ணும் தரலாம். கேமராவின் 64 மட்டும் கூடாது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் தடுமாறும். இப்போது கேபிளில் இருப்பது நீங்களும் கேமராவும் மட்டுமே என்பதால் தெருமுனைக்கு வேலை இல்லை. அதனால்தான் கேட்வேயைக் காலியாக விடுகிறோம். ஓகே கொடுத்து வெளியேறவும். "நோ இன்டர்நெட்" என்று கம்ப்யூட்டர் காட்டும். அது இயல்புதான்.

படி 5: பேசுகிறதா?

கறுப்புத் திரைக்குப் போய், ஆங்கிலத்தில் "பிங்" என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு 192.168.1.64 என்று கொடுத்து எண்டர் தட்டவும். கதவைத் தட்டி "யாராவது இருக்கிறீர்களா?" என்று நான்கு முறை கேட்பது போன்றது இது. அமெரிக்காவின் மைக் மூஸ் 1983-ல் எழுதிய இந்தச் சிறு புரோகிராமைத்தான் நெட்வொர்க் இன்ஜினியர்கள் இன்றும் முதலில் தேடுகிறார்கள்.

"ரிப்ளை ஃப்ரம் 192.168.1.64" என்று வந்து, எத்தனை மில்லி செகண்டு ஆனது என்ற கணக்கும் இருந்தால் வெற்றி. "ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்றால் பதில் இல்லை. "ரிப்ளை ஃப்ரம் 192.168.1.50, டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால் ஏமாந்துவிட வேண்டாம். அந்த 50 உங்கள் கம்ப்யூட்டரே. ஆளைக் காணவில்லை என்று அதுவே உங்களிடம் சொல்கிறது. இப்படி வந்தால் கேபிள், கேமராவின் மின்சாரம், நீங்கள் டைப் செய்த எண்கள் ஆகியவற்றை இந்த வரிசையில் சரிபார்க்கவும்.

படி 6: சாவியை வாங்குதல்

பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.64 என்று கொடுத்து எண்டர் தட்டவும். கேமராவின் சொந்தப் பக்கம் திறக்கும். புதிய கேமராக்கள் பல, எடுத்த எடுப்பிலேயே ஒரு பாஸ்வேர்டை உருவாக்கச் சொல்லும். பழையவை, கையேட்டில் அச்சிட்ட யூசர் நேம், பாஸ்வேர்டைக் கேட்கும். அப்படியானால் உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2016-ல் மிராய் என்ற தீய புரோகிராம் உலகெங்கும் பரவியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைக்கும் வழக்கமான யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60-ஐ வைத்துக்கொண்டு, இன்டர்நெட்டில் தெரிந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவை எல்லாம் அதன் அடிமைகள் ஆயின. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப்பட்ட சாதனங்களை ஏவி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல மணி நேரம் திணறின. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மாட்டிய கேமராவும் அந்தப் படையில் இருந்திருக்கும். வீட்டுக்காரருக்கு அது தெரிந்தே இருக்காது.

படம் தெரியாமல் செட்டிங் பக்கம் மட்டும் திறக்கிறதா? பழைய கேமராக்கள் சில இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் அதன் ஆக்டிவ் எக்ஸ் வசதியையும் நம்பி இருந்தவை. விண்டோஸ் 10-ல் அந்த பிரவுசருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் நிறுத்திவிட்டது. எட்ஜ் பிரவுசரின் செட்டிங்கில் உள்ள ஐ.இ. மோடைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

படி 7: கேமராவை உங்கள் தெருவுக்கு அழைத்தல்

இதுவரை நாம் கேமராவின் தெருவுக்கு விருந்தாளியாகப் போயிருந்தோம். இனி அதை நம் தெருவுக்குக் குடிவைப்போம். கேமராவின் பக்கத்தில் நெட்வொர்க் அல்லது டி.சி.பி./ஐ.பி. என்ற பிரிவைத் திறந்து, படி 1-ல் குறித்த தாளைப் பார்த்து நிரப்பவும்.

ஐ.பி. அட்ரஸ்: 192.168.29.200
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
டிஃபால்ட் கேட்வே: 192.168.29.1
டி.என்.எஸ்.: 192.168.29.1

200 என்ற கதவு எண்ணை ரவுட்டர் வேறு போனுக்கோ டி.வி.க்கோ கொடுத்துவிடக் கூடாது. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில், அது வழங்கும் எண்களின் தொடக்கமும் முடிவும் இருக்கும். அதற்கு வெளியே உள்ள ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கவும்.

சேவ் பட்டனைத் தட்டும் முன், நேரத்தையும் இந்திய நேரத்துக்கு, அதாவது ஜி.எம்.டி. +5:30-க்கு மாற்றிவிடவும். பல கேமராக்கள் வேறு நாட்டு நேரத்தோடு வருகின்றன. நாளை ஒரு திருட்டு நடந்து, பதிவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போகும்போது, அதில் நேரம் தவறாக இருந்தால் வீண் குழப்பம்தான் மிஞ்சும்.

சேவ் செய்தவுடன் பக்கம் உறைந்து நிற்கும், அல்லது மறைந்துவிடும். பெரியப்பா "போச்சுடா!" என்று கத்தியது இந்த இடத்தில்தான். ஒன்றும் போகவில்லை. கேமரா புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டது. நீங்கள் பழைய தெருவிலேயே நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

படி 8: வீடு திரும்புதல்

படி 4-ல் பார்த்த அதே பெட்டிக்குப் போய், "அப்டெய்ன் ஏன் ஐ.பி. அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி" என்பதையும், அதன் கீழே டி.என்.எஸ்.-க்கான அதே போன்ற வரியையும் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். இதைச் செய்யாவிட்டால் பின்னர் ரவுட்டரில் கேபிளை மாட்டும்போது இன்டர்நெட் வராது. நேரடிக் கேபிளைக் கழற்றி, கேமராவை ரவுட்டரின் லேன் போர்ட்டில் மாட்டவும். வைஃபையை ஆன் செய்யவும். பிரவுசரில் 192.168.29.200 கொடுங்கள். வாசல் தெரியும்.

வெளியூரிலிருந்து பார்க்க

192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. எனவே வெளியூரிலிருந்து இந்த எண்ணை டைப் செய்து பயனில்லை.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அது தெருமுனையிலிருந்து உங்கள் கேமரா வரை கதவைத் திறந்து வைப்பது போன்றது. மிராய் போன்றவை தட்டுவது அந்தக் கதவைத்தான். ரவுட்டரின் இன்டர்நெட் பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியில் இருக்கிறீர்கள் என்று பொருள். அங்கே இந்த வழி வேலையும் செய்யாது. வீட்டு உபயோகத்துக்குக் கேமரா நிறுவனத்தின் மொபைல் ஆப் போதும். அந்தக் கணக்கையும் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கையாலேயே தொடங்குங்கள். கேமராவிலும் ரவுட்டரிலும் யு.பி.என்.பி. என்ற வசதி ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலே கதவைத் திறந்துவிடக் கூடியது அது.

எல்லாம் முடிந்ததும், கேமராவின் புதிய முகவரி, ரவுட்டர் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு ஆகிய நான்கையும் அந்தத் தாளிலேயே எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடத்தைச் சொல்லி வையுங்கள். கேமராவைச் சுவரில் ஏற்றவும் கேபிளை இழுக்கவும் தாராளமாக ஆளைக் கூப்பிடலாம். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே டைப் செய்யுங்கள்.